ஒரு சொட்டுத் தண்ணீர்

திருப்பூர்க்காரர்களிடம் ஒரு பழக்கம் உண்டு. புதிதாக ஒருவரைச் சந்தித்தால் முதலில் முகத்தைப் பார்க்க மாட்டார்கள். உடுத்தியிருக்கும் துணியைத்தான் பார்ப்பார்கள். கொஞ்சம் பழகிவிட்டால் சட்டையின் ஓரத்தை இரண்டு விரல்களுக்கு நடுவே வைத்துத் தேய்த்தும் பார்த்துவிடுவார்கள். வெளியூர்க்காரர்கள் இதைத் தப்பாக எடுத்துக் கொள்ளக் கூடாது. பூக்காரி கூடையில் கை விட்டு மொட்டைப் புரட்டிப் பார்ப்பதைப் போல, அது ஒரு தொழில் பழக்கம்.

எங்கள் பெரியப்பா இந்த விஷயத்தில் ஒரு படி மேல். நாற்பது வருஷ காலம் பனியன் கம்பெனிகளில் செக்கிங் மேஜையின் முன்னால் நின்றவர் அவர். என்னைப் பெண் பார்க்க வந்த அன்று எல்லாரும் மாப்பிள்ளையின் உத்தியோகம், சம்பளம், சொந்த வீடு என்று விசாரித்துக் கொண்டிருந்தார்கள். பெரியப்பா மட்டும் பிள்ளையின் பக்கத்தில் போய் உட்கார்ந்து, தோளில் கை போடுகிற சாக்கில் சட்டையைத் தடவிப் பார்த்துவிட்டு வந்தார். "பையன் நல்ல துணியாத்தான் போட்டிருக்கறான். ஆடம்பரமில்லை, சாயமும் ஓடாது. குடுக்கலாம்" என்று தீர்ப்பும் சொல்லிவிட்டார். அந்தத் தீர்ப்பு இன்று வரை பொய்க்கவில்லை என்பதை இங்கே சொல்லி வைக்கிறேன். என் கணவரும் இந்தப் பத்திரிகையைப் படிக்கிறவர்தாம்!

துணியைச் சோதிக்கப் பெரியப்பாவிடம் ஒரு தனி முறை இருந்தது. விரலைத் தண்ணீரில் நனைத்து, துணியின்மேல் ஒரே ஒரு சொட்டு விடுவார். நிட்டிங் மெஷினிலிருந்து அப்படியே இறங்கிய பருத்தித் துணியானால், அந்தச் சொட்டு சேப்பங்கிழங்கு இலைமேல் நிற்பதைப் போல உருண்டையாக நிற்கும். பஞ்சில் இயற்கையாகவே இருக்கும் மெழுகு அதற்குக் காரணம். அதே துணியைச் சோடாவில் வேக வைத்து வெளுத்து எடுத்தால், சொட்டு விழுந்த மாத்திரத்தில் மறைந்துவிடும். பெரியப்பா "ஒண்ணு... ரெண்டு..." என்று எண்ணுவார். மூன்று சொல்வதற்குள் சொட்டு மறையவில்லையானால், "இதுக்கு இன்னும் வாய் தெறக்கலை. சாயத்துக்கு அனுப்பாதே, திட்டுத் திட்டாப் பிடிக்கும்" என்று ஒதுக்கி வைத்துவிடுவார்.

பெரியப்பா ஆறாம் வகுப்போடு படிப்பை நிறுத்தியவர். நானோ இயற்பியலில் பட்டம் வாங்கியவள். ஆனால் அந்தச் சொட்டுத் தண்ணீருக்குள் எவ்வளவு பெரிய சாஸ்திரம் அடங்கியிருக்கிறது என்பது எனக்குத் தெரிய வந்தது, அவருடைய வலது கால் தங்குமா போகுமா என்று நாங்கள் தவித்துக் கொண்டிருந்த ஒரு வாரத்தில்தான்.

★

போன ஐப்பசியில் ஒரு நாள் காலையில் பெரியம்மா சென்னைக்குப் போன் செய்தார்.

"கண்ணு, உங்க பெரியப்பனுக்குக் கால் வெரலு கறுத்துப் போச்சு. செருப்புக் கடிச்சதுன்னு ரெண்டு வாரமா எங்கிட்ட மறைச்சுப் போட்டாரு. இப்பக் கோயமுத்தூர் ஆஸ்பத்திரிக்குக் கொண்டாந்திருக்கறோம். நீ ஒரு எட்டு வந்துட்டுப் போயேன்."

நான் போய்ச் சேர்ந்தபோது பெரியப்பா கட்டிலில் உட்கார்ந்துகொண்டு, ஆஸ்பத்திரிப் போர்வையின் ஓரத்தைத் தேய்த்துப் பார்த்துக் கொண்டிருந்தார். "அம்மிணி, ரெண்டு சலவைக்கு மேல தாங்காது" என்றார். ஆனால் முகத்தில் பழைய களை இல்லை. முப்பது வருஷத்துப் பீடியும் பத்து வருஷத்துச் சர்க்கரையும் சேர்ந்து, தொடையிலிருந்து முழங்காலுக்குக் கீழே போகும் இரத்தக் குழாயை அடைத்துவிட்டிருந்தன. அடைப்பைத் தாண்டி இரத்தம் போவதற்கு ஒரு புது வழி போட்டாக வேண்டும். இல்லாவிட்டால் காலையே எடுக்க வேண்டி வரும் என்று டாக்டர் சொன்னார்.

புது வழி போடுவதற்கு முதல்தரமான சாமான் நோயாளியின் சொந்த நரம்புதான். பாடப் புத்தகத்தில் அதற்குச் 'சிரை' என்று பெயர். நாம் வீட்டில் நரம்பு என்கிறோம். கணுக்காலிலிருந்து தொடை வரை தோலுக்கு அடியில் ஓடும் ஒரு நீளமான சிரையை எடுத்து, தலைகீழாகத் திருப்பி வைத்துத் தைப்பார்களாம். சிரையின் உள்ளே ஒரு பக்கமாக மட்டும் திறக்கும் கதவுகள் இருப்பதால் இந்தத் திருப்பல்.

டாக்டர் பெரியப்பாவின் கால்களைப் பார்த்தார். பிறகு எங்களைப் பார்த்தார். வலது கால் முழுவதும் நரம்புகள் புடைத்து, சுருண்டு, மண்புழுக்களைப் போல நெளிந்து கிடந்தன. ஒரு நாளைக்குப் பத்து மணி நேரம், நாற்பது வருஷம், மேஜை முன்னால் நின்றதன் கணக்கெல்லாம் அந்தக் காலில் எழுதியிருந்தது. "இது உதவாது. இன்னொரு காலை ஸ்கேன் செய்து பார்க்க வேண்டும். சர்க்கரையும் இறங்க வேண்டும். ஒரு வாரம் ஆகும்" என்றார்.

"நரம்பு கெடைக்கலீன்னா என்னங்க பண்ணுவீங்க?" என்று பெரியப்பா கேட்டார்.

டாக்டர் மேஜை அறையைத் திறந்து ஒரு பழைய மாதிரிக் குழாயை எடுத்து அவர் கையில் கொடுத்தார். வெள்ளை வெளேரென்று, விரல் தடிமனில், நெடுகக் கொசுவம் வைத்தது போன்ற சுருக்கங்களுடன் ஒரு துணிக் குழாய். மடக்கும்போது ஒடுங்கி அடைத்துக் கொள்ளாமல் இருப்பதற்காக அந்தச் சுருக்கம்.

பெரியப்பாவின் முகத்தில் சட்டென்று வெளிச்சம் வந்தது. குழாயை இழுத்தார்; விட்டார்; வெளிச்சத்துக்கு நேரே பிடித்து உள்ளே பார்த்தார்.

"ஏனுங்க டாக்டரு, இது நிட்டிங்குங்களா? தறியில நெஞ்சதுங்களா?"

டாக்டர் வாய்விட்டுச் சிரித்துவிட்டார். "இத்தனை வருஷத்தில் ஒரு நோயாளியும் என்னிடம் இந்தக் கேள்வியைக் கேட்டதில்லை ஐயா. நிட்டிங்தான். பாலியெஸ்டர்."

அடுத்தபடி பெரியப்பா என்ன செய்வார் என்று எனக்குத் தெரியும். பக்கத்திலிருந்த டம்ளரில் விரலை நனைத்து ஒரு சொட்டு விட்டார். சொட்டு இறங்கவில்லை, துணிமேல் தயங்கி நின்றது. பெரியப்பா நிமிர்ந்து பார்த்து, "வாய் தெறக்கலீங்களே!" என்றார்.

★

இரத்தக் குழாய்க்குப் பதிலாகத் துணிக் குழாயை வைத்துத் தைக்கும் வித்தை, கேட்பதற்கே கதை போல இருக்கும். அமெரிக்காவில் ஹூஸ்டன் நகரத்தில் மைக்கேல் டிபேக்கி என்று ஒரு அறுவை வைத்தியர். அவருடைய தாயார் தையற்கலையில் கைதேர்ந்தவர். பிள்ளைக்குச் சிறு வயதிலேயே தைக்கக் கற்றுக் கொடுத்திருந்தார். 1950-களின் தொடக்கத்தில் டிபேக்கி நைலான் வாங்கலாமென்று ஒரு ஜவுளிக் கடைக்குப் போனார். நைலான் தீர்ந்துவிட்டது, டேக்ரான் என்று ஒரு புதுத் துணி வந்திருக்கிறது என்றார்கள். அதை வாங்கி வந்து, மனைவியின் தையல் மிஷினில் தாமே குழாயாகத் தைத்தார். டேக்ரானும் பாலியெஸ்டர்தான், நம் அப்பாக்கள் தீபாவளிக்கு ஆசைப்பட்டு வாங்கிய டெரிலின் சட்டைக்கு அது உடன்பிறப்பு. 1954-ல் அப்படிப்பட்ட குழாய் ஒரு நோயாளியின் வயிற்றிலுள்ள பெரிய இரத்தக் குழாயின் இடத்தில் பொருத்தப்பட்டது. பிறகு பிலடெல்பியா ஜவுளிக் கல்லூரியைச் சேர்ந்த தாமஸ் எட்மன் என்பவரின் துணையோடு, தையலே இல்லாமல் குழாயாகப் பின்னித் தரும் மிஷினும் வந்தது. உருளை உருளையாகத் துணி பின்னுகிற திருப்பூர் நிட்டிங் மிஷினுக்கு அது ஒன்றுவிட்ட தம்பி என்றே வைத்துக் கொள்ளலாம்.

விதியின் விளையாட்டைப் பாருங்கள்: 2005-ன் கடைசி நாளில், தமது 97-வது வயதில், டிபேக்கிக்கே பெரிய இரத்தக் குழாய் கிழிந்து போயிற்று. அவருடைய சீடர்கள் அவர் கற்றுக் கொடுத்த முறையிலேயே துணிக் குழாய் வைத்துத் தைத்தார்கள். அதற்குப் பிறகு அவர் இரண்டு வருஷத்துக்கு மேல் உயிரோடு இருந்தார்.

நம் பக்கத்திலும் உடம்புக்குள் துணி போயிருக்கிறது. திருவனந்தபுரம் ஸ்ரீ சித்திரைத் திருநாள் வைத்திய நிலையத்தில் உருவாகி, 1990 டிசம்பரில் முதல் முறையாக ஒரு நோயாளிக்குப் பொருத்தப்பட்ட இதய வால்வைச் சுற்றிலும் ஒரு துணி வளையம் உண்டு. அதுவும் பாலியெஸ்டர் பின்னல்தான். அந்த வளையத்தில்தான் ஊசி ஏற்றி வால்வை இதயத்தோடு தைக்கிறார்கள்.

"அப்படியானால் பெரியப்பா காலுக்கும் இதையே வைத்துவிட வேண்டியதுதானே டாக்டர்?" என்று நான் கேட்டேன்.

"வயிற்றுக்குள் இருக்கும் குழாய் கட்டைவிரல் தடிமன். அங்கே இரத்தம் வெள்ளமாகப் பாய்கிறது, துணி தாங்கும். முழங்காலுக்குக் கீழே இருப்பது பேனா ரீஃபில் தடிமன்தான். 6 மில்லிமீட்டருக்குக் கீழே போய்விட்டால் துணி அடைத்துக் கொள்கிறது. வேறு வழியே இல்லையென்றால்தான் வைப்போம்" என்றார் டாக்டர்.

அன்று இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. ஒரே துணி, ஒரே இரத்தம். ஓரிடத்தில் ஒத்துப் போவது இன்னோரிடத்தில் ஏன் மக்கர் செய்கிறது?

பிறகு படித்துத் தெரிந்து கொண்டேன். நம் இரத்தக் குழாய்களின் உட்புறம் முழுவதும் ஒரே ஒரு வரிசை உயிரணுக்கள் பாய் விரித்தாற்போலப் படர்ந்திருக்கின்றன. அந்தப் பாயின்மேல் ஓடுகிற வரையில் இரத்தம் சாது. வேறு எதன்மேல் பட்டாலும், 'அந்நியம்' என்று தெரிந்து கொண்டு உறையப் பார்க்கும். முதல் சில விநாடிகளில் இரத்தத்திலுள்ள புரதங்கள் துணியில் போய்ப் படியும். பின்னாலேயே தட்டணுக்கள் வந்து அப்பிக் கொள்ளும். அகலமான குழாயில் இந்தப் படிவு ஒரு மெல்லிய பூச்சாக நின்றுவிடும். குறுகலான குழாயில் அதுவே வழியை மூடிவிடும். அவிநாசி ரோட்டில் ஒரு வண்டி நின்றால் மற்ற வண்டிகள் ஒதுங்கிப் போகும். சந்துக்குள் நின்றால் என்ன ஆகும்?

யோசித்துப் பார்த்தால், இரத்தத்துக்குத் துணியின் பலமும் தெரியாது, விலையும் தெரியாது. அது தொட்டுப் பார்ப்பது மேல் தோலை மட்டும்தான். நூலை மாற்ற வேண்டாம், பின்னலை மாற்ற வேண்டாம். அந்தத் தோலை மட்டும் மாற்றிவிட்டால்?

★

கோவையில் என்னுடன் படித்த சிநேகிதி ஒருத்தி, அங்கேயே ஒரு கல்லூரியில் இயற்பியல் சொல்லிக் கொடுக்கிறாள். மறு நாள் அவளிடம் ஓடினேன். ஓடினேன் என்று சொல்வது மிகையில்லை; எங்கேயாவது யாராவது பெரியப்பா காலுக்கு ஏற்ற ஒரு துணியைக் கண்டுபிடித்து வைத்திருக்க மாட்டார்களா என்ற பதைப்புத்தான்.

அவளுடைய ஆராய்ச்சிக் கூடத்தில் பெரிய பிரஷர் குக்கர் போல ஒரு எஃகுப் பாத்திரம் இருந்தது. பக்கத்தில் ஒரு கண்ணாடி ஜன்னல். அதற்குள் விரல் அகலத்தில் ஒரு பாலியெஸ்டர் தாளை வைத்து மூடினாள். பம்பை ஓட்டி உள்ளேயிருந்த காற்றை வெளியேற்றினாள். கொஞ்சமாக ஒரு வாயுவை உள்ளே விட்டு, மின்சாரத்தைத் திருப்பினாள். ஜன்னலுக்குள் கத்தரிப்பூ நிறத்தில் ஒரு ஒளி பூத்தது.

"இதுதான் பிளாஸ்மா. புதிதாகப் பார்ப்பது போல முழிக்காதே. உங்கள் வீட்டுப் பழைய டியூப் லைட்டுக்குள் இருந்ததும் இதுதான்" என்றாள்.

வாயுவுக்குள் மின்சாரம் பாயும்போது அதன் அணுக்களிலிருந்து எலெக்ட்ரான்கள் பிய்ந்து ஓடுகின்றன. அந்த எலெக்ட்ரான்களின் சூடு பதினாயிரம் டிகிரிக்கு மேல்! ஆனால் அவை மிகச் சிறியவை. கூட இருக்கும் வாயு குளிர்ந்தே இருக்கும். எரிகிற டியூப் லைட்டை நாம் கையால் தொட முடிவது அதனால்தான். துணியும் அதற்குள் கருகாமல் இருக்கும். ஆனால் துணியின் மேல் தோலில் இருக்கும் அணுக்கள் மட்டும் அடிபட்டு, கட்டு அவிழ்ந்து, புதிய உறவுக்குத் தயாராக நிற்கும். இந்த மாறுதலெல்லாம் மேல்புறத்திலுள்ள சில நானோமீட்டர் ஆழத்துக்குத்தான். ஒரு பாலியெஸ்டர் இழையின் தடிமன் சுமார் பதினைந்தாயிரம் நானோமீட்டர் என்றால், மாறுதல் எவ்வளவு மேலாக நடக்கிறது என்று பார்த்துக் கொள்ளுங்கள்.

பிளாஸ்மா என்ற பேர் எப்படி வந்தது என்றும் சொன்னாள். 1928-ல் அமெரிக்க விஞ்ஞானி இர்விங் லாங்மியூர் வைத்த பேர் அது. இரத்தத்திலுள்ள பிளாஸ்மா என்ற நீர் எப்படிச் சிவப்பணுக்களையும் வெள்ளையணுக்களையும் சுமந்து கொண்டு ஓடுகிறதோ, அதைப் போல இந்த வாயு மின் துகள்களைச் சுமக்கிறது என்று அவருக்குத் தோன்றியதாக அவருடைய சகா ஒருவர் பிற்காலத்தில் எழுதி வைத்திருக்கிறார். இரத்தத்திலிருந்து கடன் வாங்கிய பேர் கடைசியில் இரத்தத்துக்கே உதவ வந்திருக்கிறது!

இரண்டு நிமிஷம் கழித்துப் பாத்திரத்தைத் திறந்து தாளை எடுத்தாள். ஒரு சின்னக் குழலால் அதன்மேல் ஒரு சொட்டுத் தண்ணீர் விட்டாள். முதலில் வைத்த தாளில் உருண்டு நின்ற சொட்டு, இதில் தட்டையாகப் பரவிவிட்டது.

"சொட்டு எந்தக் கோணத்தில் நிற்கிறது என்று காமிராவில் அளப்போம். முன்பு எழுபது எண்பது டிகிரி. இப்போது முப்பது நாற்பதுக்குள்தான். மேல் தோல் மாறியதா இல்லையா என்பதற்கு முதல் சோதனை இதுதான்."

எனக்கு உடம்பெல்லாம் ஒரு மாதிரி ஆகிவிட்டது. "ஒண்ணு... ரெண்டு..." என்று பெரியப்பா எண்ணும் குரல் காதில் கேட்டது. அவரிடம் காமிரா இல்லை, கோணம் பார்க்கவில்லை. நாற்பது வருஷமாக அவர் செய்து வந்ததும் இதே சோதனைதான். அவருடைய துணிக்கு வாய் திறக்கச் சோடாவும் கொதிக்கிற தண்ணீரும் வேண்டியிருந்தன. இங்கே ஒரு சொட்டுத் தண்ணீர்கூடச் செலவாகவில்லை. சோதித்துப் பார்க்க விட்ட சொட்டைத் தவிர!

"இரு, இன்னும் முடியவில்லை. இந்தத் தாளை நாலு வாரம் அலமாரியில் வைத்தால் பாதி மறந்துவிடும். சொட்டு மறுபடி எழும்பி நிற்கும். அதனால் வெறுமே தோலைக் கிளறிவிட்டால் போதாது, அதன்மேல் ஒரு பூச்சை வளர்க்க வேண்டும்" என்றாள் சிநேகிதி.

அந்தப் பூச்சில் பல வகை. புளோரின் சேர்ந்த வாயுவை உள்ளே விட்டால், எதுவும் ஒட்டாத ஒரு மெல்லிய படலம் துணிமேல் வளரும். அமெரிக்காவில் சியாட்டில் நகர ஆராய்ச்சியாளர்கள் 1984-லேயே மெல்லிய டேக்ரான் குழாய்களுக்கு இப்படிப் பூச்சுக் கொடுத்துப் பரிசோதித்திருக்கிறார்கள். அக்ரிலிக் அமிலத்தின் ஆவியை விட்டால், கொக்கி கொக்கியாக நீட்டிக் கொண்டிருக்கும் ஒரு படலம் வளரும். அந்தக் கொக்கிகளில் வேண்டிய மருந்தை மாட்டலாம். கோவை பாரதியார் பல்கலைக்கழக இயற்பியல் துறையின் செல்வராஜனும் நவநீத பாண்டியராஜும் மற்ற நாட்டு விஞ்ஞானிகளோடு சேர்ந்து, பிளாஸ்மாவின் உதவியால் பாலியெஸ்டர் தாளில் ஹெப்பாரினையும் இன்சுலினையும் பிணைத்துக் காட்டியிருக்கிறார்கள். ஹெப்பாரின், இரத்தம் உறைவதைத் தடுக்கும் மருந்து. அந்தத் தாளில் இரத்தம் உறையும் குணம் குறைந்ததாக 2009-ல் அவர்கள் வெளியிட்ட கட்டுரை சொல்கிறது. அந்த ஆராய்ச்சியின் வாரிசாக, கோவைக்கு அருகே சின்னியம்பாளையத்திலுள்ள ஸ்ரீ சக்தி பொறியியல் கல்லூரியிலும் பிளாஸ்மாப் பூச்சுக்கென்று ஒரு பிரிவு இயங்கி வந்திருக்கிறது. திருப்பூரிலிருந்து பஸ் ஏறினால் கோவை ஊருக்குள் நுழையும் முன்பே அந்த இடம் வந்துவிடும். எத்தனை தடவை அந்த வழியாகப் போயிருக்கிறேன்!

"அப்படியானால் எங்கள் பெரியப்பாவுக்கு..." என்று ஆரம்பித்தேன்.

சிநேகிதி என் கையைப் பிடித்துக் கொண்டாள். "தாளில் நடப்பது வேறு, காலில் நடப்பது வேறு. ஒன்றரை அடி நீளமுள்ள ஒடுங்கிய குழாயின் உட்புறம் முழுவதும் ஒரே சீராகப் பூச வேண்டும். கிருமி நீக்கம் செய்தாலும் அது கெடக் கூடாது. ஊசி குத்தினாலும் உரியக் கூடாது. இதயம் ஒரு நாளைக்கு ஏறக்குறைய லட்சம் தடவை அடிக்கிறது. அத்தனை அடியையும் வருஷக் கணக்கில் தாங்க வேண்டும். ஹெப்பாரின் பிணைத்த செயற்கைக் குழாய்கள், வேறு முறையில் செய்தவை, விற்பனைக்கே வந்துவிட்டன. அவைகூட முழங்காலுக்குக் கீழே சொந்த நரம்புக்கு ஈடாகவில்லை. உன் பெரியப்பாவுக்கு இந்த வாரம் உதவுகிற பூச்சு என்னிடம் இல்லை."

உயிரணுக்களை வளர்க்கும் பிளாஸ்டிக் தட்டுகள், கான்டாக்ட் லென்ஸ்கள் முதலியவற்றில் பிளாஸ்மா வேலை எப்போதோ அன்றாட வழக்கமாகிவிட்டதாம். வெறும் பிளாஸ்டிக்கில் உயிரணுக்கள் பிடித்து நிற்காது. பிளாஸ்மா பட்ட தட்டில் வேர் விட்டதுபோல் நின்று பெருகும். எட்டாமல் நிற்பது இந்த ஒடுங்கிய குழாய் ஒன்றுதான். எனக்கு வேண்டியிருந்ததும் அது ஒன்றுதான்.

★

ஆஸ்பத்திரிக்குத் திரும்பி வந்து இதையெல்லாம் சொன்னேன். பெரியம்மா பாதியிலேயே குறுக்கிட்டார். "பிளாஸ்மான்னா கொரோனாக் காலத்துல கேட்டாங்களே, அதுவா கண்ணு? நம்ம வீட்டுல ஆரு குடுக்கறது?"

"அது இரத்தத்தில் இருப்பது பெரியம்மா. இது வேறே" என்று மறுபடியும் முதலிலிருந்து ஆரம்பித்தேன். இரும்பையே மாற்றாமல் மேல் தோலை மட்டும் மாற்றுவது என்று நான் திணறிக் கொண்டிருந்தபோது பெரியம்மா, "தோசைக் கல்லுப் பழக்கற மாதிரின்னு சொல்லு!" என்றார்.

நான் அசந்து போனேன். வாஸ்தவம். புதுக் கல்லில் தோசை ஒட்டிக் கொண்டு வரும். எண்ணெயைத் தடவித் தடவிக் காய வைத்தால், எண்ணெய் ஒரு மெல்லிய படலமாக இறுகிக் கல்லோடு கல்லாகப் பிடித்துக் கொள்ளும். அப்புறம் அதே கல், அதே மாவு. தோசை தானாக எழும்பி வரும். மாறியது தோல் மட்டும்தான். நான் மூன்று வருஷம் இயற்பியல் படித்தும் எட்டாத உபமானம் பெரியம்மாவுக்கு ஒரு நொடியில் எட்டிவிட்டது.

பெரியப்பாவின் மனம் வேறு எங்கோ போயிருந்தது. "அம்மிணி, தண்ணியே இல்லாமெ வாய் தெறக்குதுன்னா சொன்னே?"

அவர் ஏன் கேட்டார் என்று எனக்குத் தெரியும். நொய்யலில் சாயக் கழிவு ஓடியதையும், 1992-ல் திறந்த ஒரத்துப்பாளையம் அணை பாசனத்துக்கு ஆகாத நீரால் நிரம்பியதையும், 2011 ஜனவரியில் சென்னை ஐகோர்ட் உத்தரவின்படி சாயப்பட்டறைகள் மூடப்பட்டதையும் கண்ணெதிரே பார்த்தவர் அவர். அந்த மாதங்களில் அவருக்கும் வேலை இல்லை. 

உள்ளதைச் சொன்னேன். பிளாஸ்மா சாயம் போடாது. சாயம் பிடிப்பதற்கு, ஒட்டுவதற்கு, ஒட்டாமல் இருப்பதற்குத் துணியைத் தயார் செய்யும், அவ்வளவுதான். குஜராத்தில் காந்திநகரிலுள்ள பிளாஸ்மா ஆராய்ச்சி நிலையம், வழுக்கிக் கொண்டு நூற்க வராத அங்கோரா முயல் ரோமத்தை இந்த முறையில் நூற்பதற்கு ஏற்றதாக ஆக்கியிருக்கிறது. ஆனால் டன் டன்னாகத் துணி ஓடும் பனியன் தொழிலுக்கு மிஷின் விலையும் வேகமும் கட்டி வர வேண்டுமே! ஒன்றரை அடிக் குழாய்க்கு எவ்வளவு செலவானாலும் தகும். ஒரு உயிருக்குரிய துணி அது.

"ஆகட்டும். நம்ம நரம்பு கெடைக்குதான்னு பாக்கலாம்" என்று பெரியப்பா சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக் கொண்டார்.

★

ஸ்கேனில் இடது தொடையில் ஒரு நல்ல நீளம் கிடைத்தது. போதவில்லை. முழங்கைப் பக்கத்திலிருந்து ஒரு துண்டை எடுத்து ஒட்டிக் கொள்ளலாம் என்று டாக்டர் முடிவு செய்தார்.

ஆபரேஷன் ஐந்து மணி நேரம் நடந்தது. வெளியே பெஞ்சியில் நானும் பெரியம்மாவும் அண்ணியும் உட்கார்ந்திருந்தோம். அண்ணியும் பனியன் கம்பெனியில் டெய்லர்தான். 2020-ல் கம்பெனியில் பனியனை நிறுத்திவிட்டு டாக்டர்களுக்கான முழு உடுப்பு தைத்த கதையைச் சொல்லிக் கொண்டிருந்தார். கோவையில் 1956 முதல் இருந்து வரும் தென்னிந்திய ஜவுளி ஆராய்ச்சிச் சங்கத்தில், அதாவது 'சிட்ரா'வில், அந்தத் துணிமேல் செயற்கை இரத்தத்தைப் பீய்ச்சி, உள்ளே இறங்குகிறதா என்று பார்ப்பார்களாம்.

"அன்னிக்கு ரத்தம் உள்ளே எறங்காத துணி தெச்சோம். இன்னிக்கு ரத்தம் உள்ளேயே ஓடற துணி வேணும்கறோம். எல்லாம் துணிதான், பாருங்க" என்றார் அண்ணி.

பெரியம்மா எதுவும் பேசவில்லை. முந்தானை ஓரத்தை விரல்களுக்கு நடுவே வைத்துத் தேய்த்துக் கொண்டேயிருந்தார். நாற்பது வருஷத்துத் தாம்பத்தியத்தில் அந்தப் பழக்கம் அவருக்கும் தொற்றிவிட்டது போலும்.

இருட்டிய பிறகு டாக்டர் வெளியே வந்தார். கால் தங்கிவிட்டது. கறுத்துப் போன இரண்டு விரல்களை எடுத்துவிட்டார்கள். உள்ளே போனதும் பெரியம்மா முகத்தைப் பார்க்கவில்லை. நேரே கட்டிலின் கால்மாட்டுக்குப் போய், கட்டுக்கு வெளியே தெரிந்த பாதத்தை இரண்டு கைகளாலும் பிடித்துக் கொண்டார்.

"சூடா இருக்குது கண்ணு" என்றார். அதற்கு மேல் அவரால் பேச முடியவில்லை.

மறு நாள் கண் விழித்ததும் பெரியப்பா கேட்ட முதல் கேள்வி, "ரெண்டு துண்டையும் எப்பிடி ஒட்டுனாங்களாம்? ஓவர்லாக்கா?" என்பதுதான்.

இப்போது அவர் கைத்தடியுடன் நடக்கிறார். பீடியை விட்டாயிற்று. சென்னையிலிருந்து நான் எப்போது போனாலும், காப்பி வருவதற்கு முன்பே ஒரு கேள்வி வந்துவிடும்:

"அம்மிணி, அந்தத் துணி வந்திருச்சா?"

"இன்னும் இல்லை பெரியப்பா. இன்னும் சோதனையில்தான் இருக்கிறது."

பெரியப்பா தலையை ஆட்டிக் கொள்வார். போன மாதமும் அப்படித்தான் ஆட்டிக் கொண்டார். பிறகு, கம்பெனியில் புதுப் பையன்களுக்குச் சொல்லிக் கொடுக்கும் அதே குரலில் சொன்னார்:

"செக்கிங்குல நிக்குதாக்கும். நிக்கட்டும், நிக்கட்டும். அவசரப்பட்டுப் பாஸ் பண்ண வேண்டாம்னு சொல்லு. பனியன்ல ஓட்டை விழுந்தா மாத்திக்கலாம்; இது ஒருத்தன் காலு."